கொடுத்து வைத்த நகை திரும்பவில்லை: போலீஸா, சிவில் கோர்ட்டா?

என் அத்தையிடம் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டையும் எழுதிக் கொடுத்தவர் ஒரே ஆள். கும்பகோணம் பக்கத்தில் அத்தை வீட்டுக்கு எதிர்வீடு, இருபது வருடப் பழக்கம். முதல் தாள் 2022 மார்ச்சில் எழுதிய பிராமிசரி நோட்டு: இரண்டு லட்சம் ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, கேட்கும்போது தருகிறேன், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து. இரண்டாவது தாள் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கம். 2024 ஆகஸ்டில் மாமாவுக்குச் சென்னையில் ஆபரேஷன் என்று ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது எழுதி வாங்கியது. காசுமாலை ஒன்று, வளையல் நான்கு, நெக்லஸ் ஒன்று, தோடு ஒரு ஜோடி, மொத்தம் பதினாலு பவுன். அதற்குக் கீழே, "மேற்படி நகைகளை என் லாக்கரில் பத்திரமாக வைத்திருந்து, ஊர் திரும்பியதும் அப்படியே திருப்பித் தருகிறேன்" என்று ஒரு வரி.

திரும்பி வந்து கேட்டால் இன்று, நாளை என்று இழுத்தார். அக்டோபரில் விஷயம் வெளியே வந்தது. ஒன்பது பவுன் அடகுக் கடையில் இருந்தது, ஐந்து பவுன் விற்றாகிவிட்டது. அத்தை இரண்டு தாள்களையும் ஒன்றாகப் பின் அடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே இரண்டையும் சேர்த்து ஒரே புகாராக எழுதிக்கொண்டு, "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கையில் கிடைத்தது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்.

இந்த நிலையில் இருப்பவர்கள் முன்னால் நாலைந்து வழிகள் உண்டு: போலீஸ் புகார், சிவில் வழக்கு, செக் கேஸ், சீட்டு என்றால் பதிவாளர், நிதி நிறுவனம் என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவு. எது யாருக்குப் பொருந்தும் என்பதை, அத்தைக்காக அலைந்தபோது கற்றுக்கொண்டதை வைத்து இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கொடுத்தது கடனா, ஒப்படைப்பா? மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கடன் கொடுத்த நிமிடமே அந்தப் பணம் வாங்கியவருடையது. அவர் அதில் வீடு கட்டலாம், வியாபாரம் செய்யலாம், தொலைக்கவும் செய்யலாம். அதே அளவு பணத்தைத் திருப்பித் தரும் கடமைதான் அவருக்கு உண்டு. தராவிட்டால் அது பாக்கி. பாக்கி வைப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது.

ஒப்படைத்த பொருள் வேறு. நகை அவர் லாக்கரில் இருந்தாலும் அது அத்தையின் நகை. அவர் காவலுக்கு மட்டும்தான் வைத்திருந்தார். அதை நேர்மையில்லாமல் தன் உபயோகத்துக்கு எடுத்தால், விற்றால், அடகு வைத்தால், எதற்காகக் கொடுத்தோமோ அந்த நிபந்தனையை மீறினால், அது நம்பிக்கை மோசடி. "அடுத்த மாதம் மீட்டு வைத்துவிடலாம் என்றுதான் அடகு வைத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. கொஞ்ச காலத்துக்கு எடுத்துக்கொண்டாலும் கையாடல்தான் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது.

ஆகவே அந்தக் கோடு போட்ட தாளில் இருந்த "பத்திரமாக வைத்திருந்து", "அப்படியே" என்ற சொற்களின் மதிப்பு பெரிது. "பதினாலு பவுன் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் நகையைக் கடனாக, உபயோகித்துக்கொள்ளத்தான் கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருந்திருக்கும்.

தாளே இல்லையென்றால்? வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்றத்தின் குறிப்பு, கொடுக்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள், நகைக் கடை பில், கல்யாண ஆல்பத்தில் அந்தக் காசுமாலை தெரியும் போட்டோ என்று எல்லாமே உதவும். எழுத்து இல்லாததால் வழக்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குற்றவியல் வழி: தண்டனை எவ்வளவு?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. முன்பு 405 முதல் 409 வரை பிரிந்து கிடந்தவை இப்போது 316 என்ற ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டன. சம்பவம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய பிரிவுதான் பொருந்தும். பின்னால் கூடிய தண்டனையை முன்பு நடந்ததற்குக் கொடுக்க முடியாது.

சாதாரண நம்பிக்கை மோசடிக்குப் பழைய 406-இல் அதிகபட்சம் மூன்று ஆண்டு. புதிய 316(2)-இல் அது ஐந்து ஆண்டு, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேலைக்காரரோ குமாஸ்தாவோ முதலாளியின் பொருளைக் கையாடினால் ஏழு ஆண்டு வரை. சரக்கு ஏற்றிச் செல்பவர், கிடங்குக்காரர் போன்றோருக்கும் அதே ஏழு. அரசு ஊழியர், வங்கியாளர், வணிகர், தரகர், வழக்கறிஞர், முகவர் ஆகியோர் தங்கள் தொழில் வழியில் ஒப்படைக்கப்பட்டதைக் கையாடினால் 316(5): பத்து ஆண்டு வரை, அல்லது ஆயுள் தண்டனையே, கூடவே அபராதம்.

இந்த ஏற்றத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நம்பிக்கையே தொழிலாக இருப்பவர் அதை உடைக்கும்போது பாதிப்பு ஒரு குடும்பத்தோடு போவதில்லை. 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆர்.கே. டால்மியா வழக்கில், காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தவரையே அந்த நிறுவனப் பணத்துக்கு முகவர் என்று எடுத்துக்கொண்டு இந்தப் பெரிய பிரிவில் தண்டனையை உறுதி செய்தார்கள். பெரிய பதவியில் இருப்பவருக்குக் கடுமை குறையும் என்று சட்டம் சொல்லவில்லை. சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கும் முதலாளியும் 316-ஆம் பிரிவுக்குள் வருகிறார். பிடித்த தொகை அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாகவே கருதப்படும் என்று பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. ஏனோ இது பல தொழிலாளர்களுக்குத் தெரிவதில்லை.

மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்ட நகைக்கும் இந்தப் பிரிவு உதவும். சீதன நகை பெண்ணுடைய சொத்து, கணவரோ அவர் வீட்டாரோ அதற்குக் காவலர்கள் மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் நகை மட்டும் திரும்பினால் போதும் என்று நினைக்கும் பெண்களுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுவது நேரான வழி. நகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அங்கேயே உத்தரவு வாங்கலாம்.

இனி நடைமுறை. 316(2) என்பது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத வகைக் குற்றம். அதற்காகப் புகார் கொடுத்த மறுநாளே கைது என்று எதிர்பார்க்க வேண்டாம். தண்டனை ஏழு ஆண்டுக்குள் இருக்கும் குற்றங்களில் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதுதான் வழக்கம். அதுபோல மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு பதினாலு நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) இடம் கொடுக்கிறது. பதினாலு நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. அத்தை விஷயத்தில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்பிய பதிவுத் தபாலே வேலை செய்தது. இந்த முறை வக்கீல் சொன்னபடி நகைத் தாளை மட்டும் வைத்துப் புகார் எழுதினோம். கடன் பத்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நவம்பரில் எஃப்.ஐ.ஆர். பதிவானது.

குற்றவியல் வழியின் பெரிய பலம், பொருள் இன்னும் எங்கோ இருக்கும்போதுதான் தெரியும். போலீஸ் அடகுக் கடைக்குப் போய் ஒன்பது பவுனைக் கைப்பற்றியது. சிவில் கோர்ட்டில் இதே வேலைக்கு எத்தனை மனு, எத்தனை வாய்தா ஆகும்! கைப்பற்றிய நகையை வழக்கு முடியும்வரை கோர்ட்டிலேயே விட்டுவைக்கத் தேவையில்லை. இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனுப் போடலாம். அடகு பிடித்தவர் தன் பணம் என்னாவது என்று எதிர்ப்பார், வாதம் நடக்கும். அத்தைக்கு 2025 மார்ச்சில் வளையல் நான்கும் காசுமாலையும் கிடைத்தன, வழக்கு முடியும்வரை விற்கவோ உருக்கவோ கூடாது, கேட்டால் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்ற பத்திரத்தின் பேரில். வளையலில் கட்டியிருந்த அட்டைத் துண்டில் வழக்கு எண் எழுதியிருந்தது. அத்தை அதை அவிழ்க்காமல் அப்படியே வங்கி லாக்கரில் வைத்துவிட்டார்.

பலவீனம், விற்றுக் கரைந்த ஐந்து பவுனில் தெரிந்தது. பொருள் போய்விட்டால் குற்றவியல் வழக்கு தண்டனையைத்தான் தேடிப் போகும். தீர்ப்பில் இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், குற்றத்தின் மூலம் சேர்த்த சொத்தை முடக்கிப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தரவும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் இவை வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

ஏமாற்றுதலா, நம்பிக்கை மோசடியா?

புகார் எழுதிக் கொடுப்பவர்கள் பலர் இரண்டு பிரிவையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. இது ஆபத்து. ஏமாற்றுதலில் ஆரம்பத்திலேயே பொய் இருக்க வேண்டும்: பொய் சொல்லித்தான் பொருளையே வாங்கியிருக்க வேண்டும். நம்பிக்கை மோசடியில் வாங்கும்போது எல்லாம் நேர்மையாகவே நடந்திருக்கும், கெட்ட எண்ணம் பின்னால் வந்திருக்கும். ஒரே சம்பவத்துக்கு இரண்டும் சேர்ந்து பொருந்தாது என்று 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. தண்டனையைப் பார்த்தால் பொய் சொல்லிப் பொருளை வாங்கும் ஏமாற்றுதலுக்கு, பிரிவு 318(4)-இல், ஏழு ஆண்டு வரை உண்டு. சாதாரண நம்பிக்கை மோசடியைவிட அதிகம். அதிகம் என்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டால், ஆரம்பப் பொய்யை நிரூபிக்க முடியாமல் உயர் நீதிமன்றத்தில் வழக்கே ரத்தாகலாம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். எதிர்வீட்டுக்காரர் நகையை வாங்கிய நாளில் பொய் சொன்னார் என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அதனால் நாங்கள் 316-ஓடு நின்றோம்.

கூட்டு வியாபாரத்தில் பங்குதாரர் பணத்தை எடுத்துவிட்டார் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குதாரருக்கும் அந்தச் சொத்தில் உரிமை இருப்பதால், தனியாக ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்திருந்தால் ஒழிய நம்பிக்கை மோசடி நிற்பது கடினம். 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கணக்குக் கேட்டு சிவில் வழக்குப் போடுவதுதான் அங்கே பொருத்தமான வழி.

சிவில் வழி: மெதுவானது, ஆனால் பணத்துக்கு நேரானது

அந்த இரண்டு லட்சத்துக்கு வேறு வழி கிடையாது. பிராமிசரி நோட்டின் மேல் சிவில் வழக்குத்தான். தமிழ்நாட்டில் 2017-க்கு முன் கோர்ட் கட்டணம் வழக்குத் தொகையில் 7.5 சதவீதமாக இருந்தது, இப்போது 3 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு ஆறாயிரம் ரூபாய், கேட்கும் வட்டிக்கும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். வக்கீல் பீஸ் தனி.

இங்கே காலக்கெடுதான் உயிர். கேட்கும்போது தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம். நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பது கணக்கில்லை. காவலுக்குக் கொடுத்த பொருளுக்கு, கேட்டு மறுத்த நாளிலிருந்து மூன்று வருடம். முறையாக எழுதப்பட்ட அறக்கட்டளையின் சொத்தை அறங்காவலரிடமிருந்து மீட்க வழக்குப் போட்டால் காலவரம்பே கிடையாது. மனதில் ஆழமாகப் பதிய வேண்டியது இன்னொன்று: போலீஸ் புகார் கொடுத்ததால் சிவில் கடிகாரம் நிற்காது. ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து மூன்று வருடம் கழித்து வக்கீலிடம் வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அத்தையின் நோட்டுக்கு 2025 மார்ச்சில் காலம் முடியவிருந்தது. பிப்ரவரியில் வழக்குப் போட்டோம்.

குற்றவியல் பக்கத்தில் காலம் வேறு மாதிரி. பழைய 406-க்கு மூன்று ஆண்டு தண்டனை என்பதால், மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரம்பு இருந்தது. புதிய பிரிவில் தண்டனை ஐந்து ஆண்டாக உயர்ந்ததால் அந்த வரம்பு பொருந்தாது. அதற்காகத் தள்ளிப்போட்டால் நகை உருகிவிடும், சாட்சிகள் மறந்துவிடுவார்கள்.

சிவில் வழக்கில் ஜெயித்தாலும் பணம் தானாக வராது. தீர்ப்புக்கு அப்புறம் நிறைவேற்று மனுப் போட்டு, சொத்து ஜப்தி வரை போக வேண்டியிருக்கும். எதிராளி வீட்டை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால் தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கக் கேட்கலாம்; அதற்கு வெறும் சந்தேகம் போதாது, விற்கப் போவதற்கான ஆதாரம் வேண்டும்.

செக், சீட்டு, நிதி நிறுவனம்

எதிராளி செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் கடனுக்கும் ஒரு குற்றவியல் வழி திறக்கிறது. வங்கி தகவல் சொன்ன முப்பது நாளுக்குள் நோட்டீஸ், அவருக்குப் பதினைந்து நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். பணம் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு இது மற்ற வழிகளைவிடப் பொருத்தம் என்பேன். கெடு நாளைத் தவறவிட்டால் மட்டும் சிரமம்.

ஏலச்சீட்டு பதிவு பெற்ற நிறுவனத்தில் என்றால், 1982-ஆம் ஆண்டுச் சிட் பண்டு சட்டப்படி தகராறு சீட்டுப் பதிவாளரிடம் போக வேண்டும், சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. தெருவில் ஒரு அக்கா நடத்தும் தீபாவளிச் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பதிவில்லாத சீட்டு நடத்துவதே குற்றம். அங்கே சீட்டு நோட்டில் உள்ள கையெழுத்துகளை வைத்து, பணம் போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் புகாருக்குத்தான் வலு அதிகம்.

பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிய நிதி நிறுவனம் கைவிரித்தால் 316-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தனியாக ஓட வேண்டாம். தமிழ்நாட்டில் 1997-இல் வந்த முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. பத்து ஆண்டு வரை சிறை. அதைவிட முக்கியம், நிறுவனத்தின் சொத்துகளை அரசாணை மூலம் முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று டெபாசிட்தாரர்களுக்குப் பங்கிட வழி இருக்கிறது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் உங்கள் பெயரும் ரசீதும் பதிவாகியிருந்தால்தான் பங்கில் இடம். கூட்டுறவுச் சங்கத்தில் செயலர் கையாடினார் என்றால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணையும், 87-ஆம் பிரிவில் தண்டத்தொகை வசூலும் உண்டு. இவை போலீஸ் வழக்கோடு சேர்ந்தே நடக்கலாம்.

என் முடிவு

நகை, வாகனம், பத்திரம் என்று பொருளாகவே ஒப்படைத்திருந்தால் தயங்காமல் முதலில் போலீஸ், அதுவும் முதல் வாரத்திலேயே. கடன் என்றால் சிவில் அல்லது செக் கேஸ். கடனை மோசடி மாதிரி ஜோடித்துப் புகார் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். போலீஸை வைத்து வசூல் செய்யும் பழக்கத்தை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கின்றன. நேர்மையான புகார்களையும் ஸ்டேஷனில் "கொடுக்கல் வாங்கல்" என்று தள்ளிவிடுவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். குறிப்பிட்ட வேலைக்கென்று ஒப்படைத்த ரொக்கம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: சங்கத்துப் பொருளாளரிடம் கொடுத்த கட்டட நிதி, பத்திரப் பதிவுக்குத் தரகரிடம் கொடுத்த பணம் போன்றவை. இவற்றில் புகாரும் சிவில் வழக்கும் இரண்டுமே வேண்டும், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கக் கூடாது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். எங்களுக்கு வழக்குத் தொடங்கி நாலு மாதம் கழித்துத்தான் யாரோ சொன்னார்கள்.

சமாதானம் பேசலாமா என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. 316(2)-ஐயும் வேலைக்காரர் செய்யும் 316(4)-ஐயும் பொருளின் சொந்தக்காரர் நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். வங்கியாளர், முகவர் ஆகியோருக்கான 316(5)-இல் அந்த வழி இல்லை. எதிர்வீட்டுக்காரர் தரப்பிலிருந்து இப்போது ஆள் வந்திருக்கிறது. விற்ற ஐந்து பவுனுக்கு இன்றைய விலையும், கடனில் அசலும் தருகிறோம், வட்டியை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். அத்தைக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் மாமாவின் மருந்துச் செலவு இருக்கிறது. வட்டியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். நகைக்கு இன்றைய விலை என்பதில் மட்டும் ஒரு பைசா குறைக்கமாட்டேன் என்கிறார். பணம் அத்தையின் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே சமாதான மனுவில் கையெழுத்து என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அடுத்த வாய்தா வரை அவர்களுக்கு அவகாசம்.